ஊசித்துளை சிகிச்சை: மலையில் எது முடியும், எதற்குக் கீழே இறங்க வேண்டும்?

காய்ச்சலும் விலாவலியுமாக வந்தவருக்கு ஸ்கேன் எடுத்ததும் கையில் ஒரு பரிந்துரைச் சீட்டு வருகிறது. "வலது கிட்னி வீக்கம், கல் அடைப்பு, பி.சி.என். தேவை" என்று ஒரே வரி. குடும்பத்தார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். இது ஆபரேஷனா, இல்லையா? உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்றே, பிறகு எதற்குக் கோவை? அல்லது கூடலூரிலேயே முடிகிற வேலைக்கு உதகைவரை ஏன் போக வேண்டும்?

ஒவ்வொரு சிகிச்சைக்கும் என்ன கருவி, என்ன ஆள், எவ்வளவு நேரம் தேவை என்று தெரிந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: முடிந்த பிறகு எப்போது மேலே ஏறலாம்? அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

பெயரில் இருக்கும் குழப்பம்

சீட்டில் இருந்த பி.சி.என். போன்ற ஊசித்துளை சிகிச்சைகளைச் செய்யும் துறைக்குப் பாடநூல் பெயர் இடையீட்டுக் கதிரியக்கவியல். ஆங்கிலப் பெயரை அப்படியே 'இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி' என்றும் சொல்வார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, தோலில் போட்ட சிறு துளை வழியாக உள்ளே போய் வேலையை முடிப்பது இதன் முறை.

'ரேடியாலஜி' என்று கேட்டதும் பலர் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைப்பது' என்று பயந்துவிடுகிறார்கள். அது கதிர்வீச்சு சிகிச்சை. கதிரே அங்கு மருந்து. இங்கே எக்ஸ்ரே வழிகாட்டும் வெளிச்சம் மட்டுமே. அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்தால் கதிரே இல்லை. 'ஆஞ்சியோ' என்றாலே இதயத்துக்கு ஸ்டென்ட் என்று நினைப்பதும் இதே போன்ற குழப்பம்தான். ஆஞ்சியோ என்பது ரத்தக்குழாயைப் படம் எடுப்பது. காலுக்கும், கல்லீரலுக்கும், கர்ப்பப்பைக்கும், மூளைக்கும் ஆஞ்சியோ உண்டு.

ஒரு துளை எப்படி வழியாகிறது

ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடித்தளம். படிகள் இவை:

1. தோலை மரக்கவைக்க லிக்னோகெய்ன் ஊசி. பெரும்பாலானோருக்கு முழு மயக்கம் தேவைப்படாது.
2. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, உள்ளே வெற்றாக இருக்கும் ஊசியைக் குழாய்க்குள்ளோ சீழ்க்கட்டிக்குள்ளோ செலுத்துவது. பெரும்பாலும் 18 கேஜ் (ஊசித் தடிமனின் அளவு) ஊசி.
3. ஊசிக்குள் வளையும் நுனியுள்ள கம்பியை நுழைப்பது. இதுதான் கைடு வயர். வழக்கமான தடிமன் 0.035 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.
4. கம்பி உள்ளேயே இருக்க, ஊசியை மட்டும் உருவுவது.
5. கம்பியின் மேலேயே துளையைச் சற்று அகலமாக்கி, ஷீத் என்ற உறைக்குழாயையோ கதீட்டர் என்ற மெல்லிய குழாயையோ வழுக்கி உள்ளே விடுவது. பிறகு கம்பியை எடுத்துவிடலாம்.

நான்காவது படியில்தான் சூட்சுமம். உள்ளே பிடித்த இடம் நழுவாமல் இருக்கக் கம்பி அங்கேயே நிற்கிறது. அதன் மேல் எந்தக் கருவியையும் மாற்றி மாற்றி ஏற்றலாம். கம்பி தவறி வெளியே வந்துவிட்டால் முதலிலிருந்து குத்த வேண்டியதுதான்.

குழாய்களின் அளவைப் 'பிரெஞ்சு' என்ற அலகில் சொல்வார்கள். 3 பிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர். ஆஞ்சியோவுக்கு 5 பிரெஞ்சு கதீட்டர், ஏறத்தாழ 1.7 மி.மீ. கெட்டியான சீழை வடிக்க 10 முதல் 14 பிரெஞ்சு வரை போக வேண்டும். சன்னக் குழாய் போட்டால் வலி குறைவு என்று நினைத்து 8 பிரெஞ்சோடு நிறுத்தினால், கெட்டிச் சீழ் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

படம் பார்க்கும் கருவியைச் சிகிச்சைக் கருவியாக்கியவர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இருந்த சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில், கால் அழுகி, காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனி அடைப்பைக் கதீட்டரை நுழைத்தே விரித்தார். அந்தக் கால் காப்பாற்றப்பட்டது.

உள்ளே போய்ச் செய்யும் வேலைகள்

*வடிப்பது.* கல்லீரல் சீழ்க்கட்டி, அடைபட்ட கிட்னி, மஞ்சள் காமாலையில் தேங்கிய பித்தநீர் ஆகியவை. கிட்னிக்கு முதுகு விலா வழியாகப் போடும் குழாய்தான் சீட்டில் இருந்த பி.சி.என். பித்தநீருக்குக் கல்லீரல் வழியாகப் போடுவது பி.டி.பி.டி. அடைபட்ட கிட்னியில் காய்ச்சலும் இருந்தால் அது சீழ் நிரம்பிய மூடிய பானை மாதிரி. ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, அடைப்புக்கு மேலே வழி திறக்க வேண்டும். இதில் மணிக்கணக்கு முக்கியம். கீழிருந்து சிறுநீர்ப்பை வழியாக ஸ்டென்ட் போடக்கூடிய சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் அருகில் இருந்தால் அதுவும் சமமான வழிதான். எது முன்னால் கிடைக்கிறதோ அது.

*அடைப்பது.* எம்போலைசேஷன் என்று சீட்டில் எழுதுவார்கள். ரத்தம் கொட்டும் குழாயையோ, கட்டிக்குத் தீனி போடும் குழாயையோ உள்ளிருந்தே அடைப்பது. சில வாரங்களில் கரையும் ஜெலட்டின் நுரை, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் சலித்த துகள்கள், உலோகச் சுருள், பசை என்று இடத்துக்கேற்ப பொருள் மாறும். பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்குக்கு ஜெலட்டின் நுரையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அது கரைந்து குழாய் மறுபடி திறக்கும், கர்ப்பப்பையும் தப்பும்.

காசநோய் வந்து ஆறிய நுரையீரலில் வருடங்கள் கழித்து ரத்தம் கக்குவது மலைப்பகுதி மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. இதில் உயிர் போவது பெரும்பாலும் ரத்த இழப்பால் அல்ல, ரத்தம் மூச்சுக்குழலை நிரப்பித் திணறுவதால். மூச்சுக்குழல் தமனியை 300 மைக்ரானுக்குக் குறையாத துகள்களால் அடைப்பார்கள். அங்கே ஓர் ஆபத்து உண்டு: தண்டுவடத்துக்குப் போகும் தமனி சிலருக்கு அதே குழாயிலிருந்தே பிரியும். ஆஞ்சியோ படத்தில் அது மேலே ஏறிச் சட்டென்று கீழே திரும்பும், கல்லட்டிப் பாதையில் இருக்கிறதே, அச்சு அசலாக அந்தக் கொண்டை ஊசி வளைவு போல. அந்த வளைவு தெரிந்தால் கதீட்டரை அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோக வேண்டும், இல்லையேல் நிறுத்திவிட வேண்டும். பார்க்காமல் துகளை விட்டால் நோயாளியின் இரண்டு கால்களும் செயலிழக்கலாம்.

*திறப்பது.* கால் தமனி அடைப்பு, டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலாவில் சுருக்கம், பக்கவாதத்தில் மூளைக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி.

*எரிப்பது, சதை எடுப்பது.* சுமார் 3 செ.மீ.க்கு உட்பட்ட கல்லீரல் கட்டிகளை ஊசி முனை வெப்பத்தால் பொசுக்கலாம். பயாப்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

"பெரிய ஆஸ்பத்திரியா, சின்ன ஆஸ்பத்திரியா" என்று பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பது சரி:

1. நல்ல அல்ட்ராசவுண்டும் பழகிய கையும் போதும்: கல்லீரல் சீழ்க்கட்டி வடிப்பது, நெஞ்சுநீர், வயிற்றுநீர், பெரும்பாலான பயாப்சிகள், பித்தப்பைக்கு அவசரக் குழாய். வீங்கிய கிட்னிக்குப் பி.சி.என். கூட இவ்வளவில் முடியும்.
2. கூடவே சி-ஆர்ம் (C வடிவக் கை கொண்ட, தொடர்ந்து படம் காட்டும்) எக்ஸ்ரே வேண்டும்: பி.டி.பி.டி., சற்றே வீங்கிய கிட்னியில் பி.சி.என்., குழாய் மாற்றுவது. எலும்பு ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் சி-ஆர்மே இதற்குப் போதும்.
3. சி.டி. ஸ்கேன் வேண்டும்: நுரையீரல் பயாப்சி, குடல்களுக்கு நடுவே பதுங்கிய சீழ்.
4. கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் விட்டு வேலை செய்யும் தனி எக்ஸ்ரே அறை) வேண்டும்: எம்போலைசேஷன், மூளைக்குழாயில் உள்ள ரத்தக்கட்டியை உருவுவது. எலும்பின் நிழலைக் கழித்துவிட்டு ரத்தக்குழாயை மட்டும் காட்டும் டி.எஸ்.ஏ. படத்தை இங்குதான் நன்றாக எடுக்க முடியும். இந்த எக்ஸ்ரே கருவி எதற்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம்.

நான்காவது வகைக்குக் கருவி இருந்தால் மட்டும் போதாது. மைக்ரோகதீட்டர், சுருள்கள், துகள்கள் அளவு வாரியாக இருப்பில் இருக்க வேண்டும். ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, கைமீறினால் வயிற்றைத் திறக்க அறுவை மருத்துவர், இரவிலும் வரக்கூடிய டெக்னீஷியன் எல்லாம் வேண்டும். இதய ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இருக்கும் இடத்தில் கர்ப்பப்பை எம்போலைசேஷனும் நடக்கும் என்று எண்ணிவிட முடியாது. போகும் முன் போனில் கேட்க வேண்டியது "கேத் லேப் இருக்கிறதா" என்பதல்ல, "இந்தச் சிகிச்சையை இன்று செய்ய ஆள் இருக்கிறாரா" என்பது.

முதல் இரண்டு வகைகளும் மாவட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டியவை என்பது உறுதியான கருத்து. சீழ் நிரம்பிய கிட்னியோடு, ரத்த அழுத்தம் இறங்கிய ஒருவரை மூன்று மணி நேரம் மலைப்பாதையில் கொண்டுபோவது, இங்கேயே அல்ட்ராசவுண்ட் பார்த்து ஒரு குழாய் போடுவதைவிட ஆபத்தானது.

இறங்கும்போது கடிகாரம்

உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 90 கி.மீ., சாதாரண நாளில் மூன்று மணி நேரம். கூடலூரிலிருந்து உதகைக்கே 50 கி.மீ. பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரி அருகு. மைசூர்ப் பக்கம் போவதானால், பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை; ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு. சீசன் நெரிசலையும், நவம்பர் மழையில் மண் சரிவையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

*பக்கவாதம்.* ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம். பெரிய குழாயில் இருக்கும் கட்டியைக் கதீட்டரால் உருவ 6 மணி நேரம். தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி வரை. வாய் கோணி, கை விழுந்தவரை நேரே கோவைக்கு ஏற்றினால் முதல் அவகாசம் வழியிலேயே தீர்ந்துவிடலாம். தலை சி.டி. எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்து, ஊசியும் போடக்கூடிய மிக அருகிலுள்ள இடத்துக்கு முதலில் போவது, பிறகு கீழே இறங்குவது என்பதே மலைக்குப் பொருந்தும் வரிசை. ஆல்டெப்ளேஸ் என்ற மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடும். வளைவுகளில் மருந்து ஏற்றும் பம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதால் இரண்டாவது மலைக்கு மிக ஏற்றது. கடைசியாக நோயாளி நலமாக இருந்த நேரம் என்ன என்பதைக் கூடப் போகிறவர் எழுதி வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

*பிரசவ ரத்தப்போக்கு.* எம்போலைசேஷனுக்கு அனுப்புவது, நிலைமையைக் கொஞ்சமாவது பிடித்த பிறகுதான். கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், பிரசவமான 3 மணி நேரத்துக்குள் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், கர்ப்பப்பைக்குள் சலைன் நிரப்பிய பலூன். பலூன் உள்ளே இருக்கும்போதே எம்போலைசேஷன் செய்யலாம், அதை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டியதில்லை.

*ரத்தம் கக்குபவர்.* எந்தப் பக்க நுரையீரலில் கசிவு என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால், அந்தப் பக்கம் கீழாக ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். நல்ல நுரையீரல் மேலே இருந்தால் அதில் ரத்தம் புகாது. மல்லாந்து படுக்க வைத்தால் இரண்டும் நிரம்பும்.

ஏறும்போது காற்று

நுரையீரல் பயாப்சியில் ஊசி போன வழியாகக் காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே தங்குவதுண்டு. இது அரிதல்ல. சிறிதாக இருந்தால் தானே கரையும். சமவெளியில் அதோடு கதை முடிந்தது. மலையில் முடியாது.

கோவை 411 மீட்டர் உயரம், உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். காற்றழுத்தம் கோவையில் சுமார் 725 மில்லிமீட்டர் பாதரசம், உதகையில் சுமார் 580. அடைபட்ட காற்று, அழுத்தம் குறையக் குறைய விரியும். கோவையில் 100 மில்லியாக இருந்தது உதகையில் ஏறத்தாழ 125 மில்லி ஆகும். விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைப்பார்கள். அப்படியானால் உதகைக்கு ஏறுவதும் விமானம் ஏறுவதும் நெஞ்சுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நெஞ்சில் காற்றுப் புகுந்தவர்கள், அது முழுக்கக் கரைந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து, அதன் பிறகும் ஒரு வாரம் விமானத்தைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். அதே எச்சரிக்கையை உதகை, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. காற்றே கசியாதவர்களும் அன்றிரவு கீழே தங்கி, மறுநாள் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஏறட்டும். "வீடு எங்கே" என்ற கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டால், "நாங்கள் மலை ஏற வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள்.

தொடைத் தமனி வழியாகச் செய்தவர்களுக்கு வேறு பிரச்சினை. கதீட்டரை எடுத்த பின் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடித்து, 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வைப்பார்கள். அன்று மாலையே பஸ்ஸில் இடுப்பை மடக்கி உட்கார்ந்து, வளைவுகளில் வாந்தியும் எடுத்தால், ஒவ்வொரு உமட்டலிலும் வயிற்று அழுத்தம் கூடித் துளை திறக்கலாம். கிளம்பும் முன் வாந்தி மாத்திரை கேட்டு வாங்குங்கள். வழியில் தொடை வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே வண்டியை நிறுத்திப் படுக்க வைத்து அழுத்துங்கள். அழுத்த வேண்டியது தோலில் தெரியும் துளையின் மேல் அல்ல, அதற்கு ஓரிரு விரல் மேலே. ஊசி சாய்வாகப் போனதால் தமனியின் துளை அங்கேதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் இடுப்பு, முதுகு வலியும் தலைசுற்றலும் வந்தால் உள்ளே கசிகிறது என்று பொருள். திரும்பிப் போய்விட வேண்டும். கை மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியுமா என்று முன்பே கேட்பது மலைக்காரர்களுக்கு நல்லது.

போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. கிரியேட்டினின் (கிட்னி வேலை செய்யும் அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு), பிளேட்லெட் அறிக்கைகள். ஆழமான குத்தலுக்கு ஐ.என்.ஆர். 1.5-ஐச் சுற்றியும், பிளேட்லெட் 50,000-க்கு மேலும் இருந்தால் நல்லது.
2. சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை வழக்கமாக 5 நாள் முன்னால் நிறுத்துவார்கள். இதய ஸ்டென்ட் இருப்பவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும். நிறுத்தச் சொல்பவர் மருத்துவராக இருக்கட்டும்.
3. ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் பதிவான குறுந்தகடும் வேண்டும். ஃபிலிமில் இருப்பது சில படங்கள்தான். குறுந்தகட்டில் எல்லா வெட்டுகளும் இருக்கும், ஊசி போகும் வழியை அதில்தான் அளக்க முடியும்.
4. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. குறிப்பிட்ட சிகிச்சை அந்த மருத்துவமனையில் திட்டத்தில் வருகிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.
5. முன்பு 'டை' (படத்தில் குழாய்கள் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றி ஸ்கேன் எடுத்தபோது அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அந்தத் தகவல். கிட்னி பழுதானவர்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது பற்றியும் கேட்க வேண்டும்.

நீலகிரிக்கென்று ஆறாவதும் உண்டு. இருளர், குறும்பர், பணியர் சமூகங்களில் அரிவாள் செல் நோய் இருக்கிறது. அந்த நோய் உள்ளவருக்கு உடல் வறண்டாலோ, குளிர்ந்தாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ ரத்த அணுக்கள் வளைந்து குழாய்களை அடைக்கும். ஆஞ்சியோவுக்கு வெறும் வயிறாகக் காத்திருப்பதும், கேத் லேபின் ஏ.சி. குளிரும், தூக்க ஊசியும் இந்த மூன்றையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும். நோய் அட்டையைக் காட்டி, முதல் ஆளாக எடுக்கச் சொல்லி, சலைன் ஏற்றச் சொல்லி, கம்பளி கேளுங்கள். கேட்பது உரிமை, சலுகை அல்ல.

குழாயோடு வீடு திரும்பியவர்கள்

பி.சி.என். குழாய் முதுகு விலாவில் வெளியே வரும். தேயிலை பறிப்பவர்களுக்குக் கூடையும் பையும் அழுத்துவது அதே இடம். இடுப்பில் கட்டும் படுதாவின் கயிறும் அங்கேதான் உரசும். குழாய் இருக்கும்வரை முதுகில் சுமை கூடாது. ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றும்போது குழாய் மாட்டி வெளியே வந்துவிடும், அதனால் முன்னால் பட்டன் வைத்ததாகப் போடுங்கள். பையை எப்போதும் கிட்னிக்குக் கீழே தொங்கவிட வேண்டும், நிரம்பி இழுக்கும்வரை விடக்கூடாது.

சிறுநீர் வருவது நின்று விலா வலித்தால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செவிலியர் 5 முதல் 10 மில்லி சலைனை மெதுவாக ஏற்றிப் பார்ப்பார். அழுத்தி ஏற்றினால் கிருமி ரத்தத்துக்குப் போய்க் குளிர்காய்ச்சல் வரும். பி.டி.பி.டி. பையில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் போனால் உப்பும் போகிறது, ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டு மருத்துவரிடம் அளவைச் சொல்லுங்கள்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். விட்டால் உள்நுனியில் உப்புப் படிந்து கல்லாகிவிடும். பிறகு உருவ முடியாது. நவம்பரில் தேதி விழுந்தால், மழைக்கு முன் அக்டோபருக்கே மாற்றிக் கேளுங்கள்.

குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டால் அன்றே போக வேண்டும். பழைய துளை சில மணி நேரத்திலிருந்தே சுருங்கத் தொடங்கும். திறந்திருக்கும்போது போனால் அதே வழியில் புதுக் குழாய் போடலாம்; மூடிவிட்டால் மறுபடி குத்த வேண்டும். துளையைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, விழுந்த குழாயையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதன் மேல் அளவு அச்சிட்டிருக்கும். நுனி முழுதாக இருக்கிறதா, உள்ளே துண்டு தங்கிவிட்டதா என்பதையும் அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.